பட்டறையில் ஆசிரியர் யார்?

அன்புள்ள ஐயா,

ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். அடிப்படை இயந்திரவியல் படிக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னேன். சக ஆசிரியர் ஒருவர் இது குலக்கல்வியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவரும் வேலை என்கிறார். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு இதை விட்டால் வேறு என்ன வழி? பட்டறைக்காரர்களிடம் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கேட்கலாமா? கணினியே எல்லாம் செய்யப்போகிற காலத்தில் எந்தத் தொழிலைக் காட்டுவது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

என் பெரியம்மாவின் மகன் கோயம்புத்தூரில் நெடுங்காலம் டர்னராக, அதாவது லேத் இயந்திரத்தில் உலோகத்தைக் கடைபவராக இருந்து அண்மையில் வேலையை விட்டு வந்திருக்கிறார். அவரோடு பேசிய நாள் முதல் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வியை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கண்டிப்பு. ‘படிப்பு ஏறாத பிள்ளைகள்’ என்று ஓர் ஆசிரியை எழுதலாமா? தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வியோடு சேர்ந்தே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. இத்தனை ஆண்டுகளில் அதைக் கெடுத்தது பாடத்திட்டம் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து, மேலே இருப்பவனை அறிவியல் பிரிவுக்கும் கீழே இருப்பவனை உங்கள் பிரிவுக்கும் தள்ளிவிடுகிற நம் பழக்கம்தான். கடைசல் வேலைக்கு வடிவியல் வேண்டும், உலோகத்தின் குணம் தெரிய வேண்டும், வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும். மற்றவர்கள் ஒதுக்கினாலும், அந்தப் பிள்ளைகளின் ஆசிரியையான நீங்கள் ஒதுக்கக் கூடாது.

உங்கள் சக ஆசிரியரின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த, குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் அழைத்த திட்டம் கிராமத்துத் தொடக்கப்பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. சலவைத் தொழிலாளியின் மகனுக்கு அது எந்தத் தொழிலாக இருக்கும் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த நினைவு உள்ள சமூகம் சந்தேகப்படத்தான் செய்யும், சந்தேகப்படவும் வேண்டும். உங்கள் திட்டம் அதுவாக ஆகாமலிருக்க, பட்டறைக்குப் போன பிள்ளைக்கு அதற்கு அப்பால் போகவும் வழி இருக்க வேண்டும். அந்த வழியைப் பிறகு சொல்கிறேன்.

உதவித்தொகையைக் கேளுங்கள், குறைந்தது பேருந்துக் கட்டணமும் மதிய உணவுமாவது கிடைக்கட்டும். கணினி பற்றிய கவலையை இப்போது விட்டுவிடுங்கள். அளக்கவும் வரைபடம் படிக்கவும் தெரிந்தவன் எந்த இயந்திரத்தின் முன்னும் நின்றுகொள்வான்.

நீங்கள் கேட்காத கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஒரு நாள் பட்டறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறவர் யார்? நான் சொன்ன அந்தப் பெரியம்மா மகன், என் அண்ணன், பதினாறு வயதில் லேத் பட்டறைக்குப் போனவர். முதல் வருடம் முழுவதும் அவர் செய்தது இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளியதும், டீ வாங்கி வந்ததும், மேஸ்திரி கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததும்தான். நுட்பமாக அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரைத் தொட விடவில்லை. வேலை தெரிந்தவர்கள் அதைக் காட்டாமல் திரும்பி நின்று செய்தார்களாம்; பையன் கற்றுக்கொண்டால் தன் இடத்துக்கு வந்துவிடுவான் என்ற பயம். இரவு ஷிப்டில் வயதான டர்னர் ஒருவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு அளவு சொல்லிக்கொடுத்திராவிட்டால், அண்ணன் கடைசிவரை கையாளாகவே இருந்திருப்பார். அந்தப் பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கடமையும் இல்லை, அதற்குக் கூலியும் இல்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கை இப்படி ஒருவரின் நல்ல மனத்தை நம்பி நிற்கலாமா?

சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்பயிற்சி வழியில் போகிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மற்ற நாள் நிறுவனம். இதைச் சொல்லிப் பூரிப்பவர்கள், அங்கே ஒரு நிறுவனம் பயிற்சி தர மாநில நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும் என்பதையும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தனியாகப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் அங்கே இருந்தாக வேண்டும் என்பதையும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் 23ஆம் பிரிவில், ஆபத்தான இயந்திரத்தில் இளம் வயதினரை விடுவதற்கு முன் அதன் அபாயங்களை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றும், போதிய பயிற்சியோ நன்கு தெரிந்தவரின் மேற்பார்வையோ வேண்டும் என்றும் எழுதியது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யாத சிறு பட்டறைக்குள் அந்தச் சட்டம் பெரும்பாலும் நுழைந்ததே இல்லை. உங்கள் பிள்ளைகள் போகப்போவது அத்தகைய பட்டறைகளுக்குத்தான்.

ஆகவே பட்டறை முதலாளியைப் பார்க்கும்போது எத்தனை பேரை எடுத்துக்கொள்வீர்கள் என்று தொடங்காதீர்கள். எந்தத் தொழிலாளி சொல்லிக்கொடுப்பார் என்று கேளுங்கள். அவரை நேரில் பாருங்கள். இந்த மாதம் எதைக் கற்றுக்கொடுப்பார் என்பதை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். அந்த நாளில் அவருக்கு உற்பத்தி குறைந்தால் கூலி குறையக் கூடாது என்று முதலாளியிடம் பேசி முடியுங்கள். பேச்சு முடியாவிட்டால் அனுப்பாதீர்கள். மாதம் ஒருமுறையாவது நீங்களே போய் நின்று பாருங்கள். பையன் கையில் துடைப்பம் மட்டும் இருந்தால் அன்றே அழைத்து வந்துவிடுங்கள்.

மேலே போகும் வழியைப் பிறகு சொல்கிறேன் என்றேன். தொழிற்கல்விப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் பாலிடெக்னிக்கில் பொருத்தமான பாடத்தின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், பட்டயம் முடித்தால் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் சேரலாம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டறைக்கு அனுப்பும் முதல் நாளுக்கு முன்பே பெற்றோரை அழைத்து, சக ஆசிரியரையும் பக்கத்தில் உட்கார வைத்து, இதைச் சொல்லிவிடுங்கள்.