‘வருகிறேன்’ என்றால் ஏன் தவறு? ஜப்பானிய மொழி: கேள்வி – பதில்

கல்லூரிகளில் ஜப்பானிய மொழி கற்பிப்போரும் கற்போரும் அனுப்பிய கேள்விகளில், இலக்கணமும் மரியாதை வழக்கும் சேர்ந்து சிக்கலாகும் இடங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். பார்த்துப் புரிந்துகொள்ள இது போதும், உச்சரிப்பைப் பழக இதை நம்ப வேண்டாம். காரணம் கடைசிப் பதிலில் இருக்கிறது.

‘மின்னா நோ நிஹோங்கோ’ பாடநூலில் மரியாதை மொழி கடைசி இரண்டு பாடங்களில்தான் வருகிறது. அங்கே வந்ததும் மாணவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– கல்லூரி ஆசிரியை, கோயம்புத்தூர்

49ஆம் பாடம் உயர்வுச் சொற்கள் (பிறர் செயலை உயர்த்துபவை), 50ஆம் பாடம் பணிவுச் சொற்கள் (தன் செயலைத் தாழ்த்துபவை). இரண்டிலும் பெரும்பகுதி வினைச்சொல் பட்டியல்தான். பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாம். யாரிடம், யாரைப் பற்றி, எதைச் சொல்வது என்று நொடியில் முடிவெடுக்கும் பழக்கம்தான் கடினம். அது இரண்டு வாரத்தில் வராது. ஆகவே முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

முதல் வாரத்தில் ‘அனதா’வுக்குத் தடை. தமிழ் மாணவர்கள் அதை ‘நீங்கள்’ என்று எடுத்துக்கொண்டு ஆசிரியரிடமே பயன்படுத்துகிறார்கள், அது முகத்தில் அடித்தாற்போல இருக்கும். எதிரில் இருப்பவரைப் பெயருடன் ‘சான்’ சேர்த்தோ, ஆசிரியரானால் ‘சென்செய்’ என்றோ அழைக்க வேண்டும். இல்லையென்றால் எழுவாயையே விட்டுவிடலாம். ‘சாப்பிட்டாச்சா?’ என்று எழுவாய் இல்லாமல் கேட்கிறவர்களுக்கு இது எளிது. தன் பெயரோடு ‘சான்’ சேர்ப்பதையும் அன்றே நிறுத்துங்கள்.

7ஆம் பாடத்தில் கொடுக்கல் வாங்கல் வினைகள் வருகின்றன. அங்கேயே திசை பற்றிப் பேசத் தொடங்குங்கள் (அடுத்த பதிலைப் பாருங்கள்). 20ஆம் பாடத்தில் சாதாரண நடை அறிமுகமானதும் மாணவர்களுக்கு அது பிடித்துப்போய் ஆசிரியரிடமும் ‘இகு’ (போதல்), ‘தபேரு’ (உண்ணல்) என்று பேசத் தொடங்குவார்கள். அந்தப் பாடம் முழுவதும் ஒரே உரையாடலை இரண்டு முறை நடத்துங்கள்: ஒருமுறை தோழனுடன், ஒருமுறை துறைத்தலைவருடன். 26ஆம் பாடத்தில் ‘தெ இததகெமசென் கா’ (செய்து தர முடியுமா) என்ற பணிவான வேண்டுகோள் வந்த பிறகு, ஆசிரியரிடம் ‘தெ குதசை’ (செய்யுங்கள்) என்று கேட்டால் பதில் சொல்லாமல் காத்திருங்கள். மாணவரே திருத்திக்கொள்ளட்டும். 41ஆம் பாடத்தில் ‘இததகு’ (பணிவாகப் பெறுதல்), ‘குதசரு’ (பெரியவர் தருதல்) வந்துவிடும். இப்படிப் போனால் 49ஐ அடையும்போது புதிதாக இருப்பது சொற்கள் மட்டுமே.

நடுவில் ஒரு பிழை வேரூன்றும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை ‘கினோ கைமாஷ்தா ஹொன்’ என்பார்கள். ‘கினோ கத்தா ஹொன்’ என்பதே சரி. ‘மாஸ்’ தரும் மரியாதை கடைசி வினையில் ஏறும், பெயரெச்சத்தில் ஏறாது. தமிழிலும் ‘அவன் வாங்கிய’, ‘அவர் வாங்கிய’ இரண்டிலும் எச்சம் ஒன்றுதானே! இதைச் சுட்டிக்காட்டினால் ஒரே வகுப்பில் பிடிபட்டுவிடும்.

ஆசிரியரிடம் ‘நாளை உங்கள் அறைக்கு வருகிறேன்’ என்பதை ‘கிமாஸ்’ போட்டுச் சொன்னேன். தவறு, ‘இகிமாஸ்’ என்றார். ‘போகிறேன்’ என்பது எப்படிச் சரியாகும்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், திருச்சி

இந்தக் கேள்விக்கு விடை தேட நல்ல இடம் தொல்காப்பியம். ‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த’ என்கிறது கிளவியாக்கம். வருவதும் தருவதும் பேசுகிறவனையும் கேட்கிறவனையும் நோக்கி நடப்பவை. செல்வதும் கொடுப்பதும் படர்க்கையை நோக்கி நடப்பவை. எனக்கு வந்தது, உனக்கு வந்தது, எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான்.

ஜப்பானிய மொழியிலும் இதே நான்கு வினைகள் இருக்கின்றன: வருதலுக்கு ‘குரு’, போதலுக்கு ‘இகு’, தருதலுக்கு ‘குரெரு’, கொடுத்தலுக்கு ‘அகெரு’. எல்லைக்கோடு மட்டும் வேறு இடத்தில் விழுகிறது. தமிழ் கேட்பவரைப் பேசுபவரோடு சேர்த்து நிறுத்துகிறது. ஜப்பானிய மொழி கேட்பவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறது. ‘குரு’, ‘குரெரு’ இரண்டும் பேசுபவரையும் அவருடைய உள்வட்டத்தையும் நோக்கியவை. அதனால் உங்கள் அறைக்கு நான் ‘போகிறேன்’. அடுத்த அறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால், ‘இதோ வர்றேன்’ என்ற பொருளில் ‘இமா இகிமாஸ்’. ஆசிரியரிடமானால் பணிவாக ‘உககைமாஸ்’.

வகுப்பில் இதைச் சொல்ல, பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் போதும். உள்ளே நான், என் குடும்பம். வெளியே கேட்பவரும் மற்றவரும். பொருள் உள்நோக்கி வந்தால் குரெரு, வெளியே போனால் அகெரு. என் தங்கைக்கு ஆசிரியர் புத்தகம் தந்தால்? தங்கை உள்வட்டம், தந்தவர் ஆசிரியர். ஆகவே குரெருவின் உயர்வு வடிவம்: ‘குதசைமாஷ்தா’. உள்வட்டம், வெளிவட்டம் என்ற இந்தப் பிரிவை ஜப்பானியர் ‘உச்சி’, ‘சொதோ’ என்பார்கள். மரியாதை மொழி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. இலக்கணத்தைத் தனியாகவும் மரியாதையைத் தனியாகவும் கற்பிப்பதை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

இரண்டு எச்சரிக்கைகள். ‘மொரௌ’ (பெறுதல்) வந்தால் எழுவாய் பெறுகிறவர், தந்தவருக்கு ‘நி’ உருபு. ‘சென்செய் கா மொரைமாஷ்தா’ என்றால் ஆசிரியர் வாங்கிக்கொண்டார் என்றாகிவிடும். அடுத்தது, பெரியவருக்கு உதவும்போது ‘மொத்தெ அகெமாஸ்’ (தூக்கித் தருகிறேன்) என்பது நான் உபகாரம் செய்கிறேன் என்று சொல்லிக்காட்டுவது போல ஒலிக்கும். ‘ஒமொச்சி ஷிமாஸ்’ என்பதே பொருத்தம்.

தொலைபேசிப் பயிற்சியில் ‘எங்கள் மேலாளர் வெளியே போயிருக்கிறார்’ என்று உயர்வாகச் சொன்னதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். மேலதிகாரிக்கு மரியாதை கொடுப்பது பிழையா?
– மாணவி, மதுரை

வெளியாரிடம் பேசும்போது பிழைதான். தமிழில் அப்பாவைப் பற்றி யாரிடம் பேசினாலும் ‘வந்தார்’தான். நம் மரியாதை பேசப்படுபவரோடு ஒட்டியது, கேட்பவர் மாறினாலும் மாறாது. ஜப்பானியத்தில் கேட்பவரைப் பொறுத்து மாறும். வாடிக்கையாளர் அழைத்தால் உங்கள் மேலாளரும் நீங்களும் ஒரே உள்வட்டம். உள்வட்டத்தாரை உயர்த்தினால் எதிரில் இருப்பவர் தாழ்ந்துபோவார். எனவே மேலாளர் பெயர் தனாகா என்றால், ‘சான்’ கூட இல்லாமல் ‘தனாகா வா தடைமா கைஷுட்சு ஷிதெ ஒரிமாஸ்’. அப்படியே, சொந்தத் தந்தையைப் பற்றி வெளியாரிடம் ‘ஒதோசான்’ அல்ல, ‘சிசி’.

பயிற்சிக்கு மூவர் போதும். செய்தி ஒன்றே: தனாகா வெளியே போயிருக்கிறார். அழைப்பவர் மட்டும் மாறட்டும்: முதலில் வாடிக்கையாளர், அடுத்து அதே அலுவலகத்தின் வேறு பிரிவு ஊழியர், மூன்றாவதாகத் தனாகாவின் மனைவி. மனைவி அழைக்கும்போது தனாகா உங்களைவிட அவருக்கு நெருக்கம் என்பதால் உயர்வுச் சொல் திரும்பி வரும். இந்த மூன்றாவது அழைப்பில் தடுமாறாதவருக்குக் கருத்து பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

விருந்தினரிடம் ‘சாப்பிடுங்கள்’ என்பதற்கு ‘இததகிதெ குதசை’ என்று சொன்னால் என்ன தவறு? எது உயர்வு, எது பணிவு என்று எப்போதும் குழம்புகிறது.
– முதுகலை மாணவர், சென்னை

‘இததகு’ பெறுதலுக்கு மட்டுமல்ல, உண்ணலுக்கும் பணிவுச் சொல், தன் உண்ணலைத் தாழ்த்திச் சொல்வது. அதை விருந்தினருக்குச் சொன்னால் அவரைத் தாழ்த்தியதாகும். அவருக்கு ‘மெஷியகத்தெ குதசை’. அதேபோல் ‘பாருங்கள்’ என்பதற்கு ‘ஹைக்கென் ஷிதெ குதசை’ அல்ல, ‘கொரன் குதசை’. மனப்பாட அட்டையில் வினையை மட்டும் எழுதாமல் செய்பவரையும் சேர்த்து எழுதுங்கள்: ‘சென்செய் கா ஒஷ்ஷைமாஸ்’ (ஆசிரியர் சொல்கிறார்), ‘வதஷி கா மோஷிமாஸ்’ (நான் சொல்கிறேன்). குழப்பம் பாதி தீரும்.

மீதிக்குக் காரணம் உயர்வு, பணிவு, கனிவு என்ற பழைய மூன்று பிரிவுகள். ஜப்பானின் பண்பாட்டு ஆலோசனை மன்றம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டி மரியாதை மொழியை ஐந்தாகப் பிரித்தது: உயர்வு, பணிவு இரண்டு வகை, கனிவு நடை (தெஸ், மாஸ்), அழகூட்டல் (தேநீருக்கு ‘ஒசா’, தின்பண்டத்துக்கு ‘ஒகாஷி’ போன்றவை). பணிவை இரண்டாக்கியதில்தான் ஆசிரியருக்குப் பயன். போதலுக்கான இரண்டு பணிவுச் சொற்களில் ‘உககௌ’ சென்றடையும் மனிதரை உயர்த்தும். ‘மைரு’ கேட்பவரிடம் பணிவாகப் பேசும், அவ்வளவே. அதனால் ‘தம்பி வீட்டுக்கு உககைமாஸ்’ தம்பியை உயர்த்திவிடும், ‘மைரிமாஸ்’ சரி. ‘ஒ…சுரு’ வடிவமும் முதல் வகை, செயல் யாரையாவது சென்றடைய வேண்டும். நான் வீட்டுக்குத் திரும்புவதற்கு ‘ஒகஎரி ஷிமாஸ்’ பொருந்தாது.

உயர்வில் ‘ஒ…நி நரு’ என்ற பொது வடிவம் எல்லா வினைக்கும் வராது. ‘மிரு’ (பார்த்தல்), ‘இரு’ (இருத்தல்), ‘நெரு’ (தூங்குதல்) போல மாஸ் வடிவின் தண்டு, அதாவது மாஸ் நீங்கிய பகுதி, ஓரசையானால் சிறப்புச் சொல்லுக்குப் போக வேண்டும்: மிருவுக்குக் ‘கொரன் நி நரு’. ‘ஒஷ்ஷரரெரு’ உயர்வுச் சொல்லான ‘ஒஷ்ஷரு’வின் மேல் இன்னொரு உயர்வு விகுதி ஏறிய இரட்டை மரியாதை, தவிர்க்க வேண்டியது. இரஷ்ஷரு, ஒஷ்ஷரு, குதசரு, நசரு, கொசரு ஐந்தும் மாஸ் சேரும்போது ‘ரி’ அல்ல, ‘இ’ ஆகும்: இரஷ்ஷைமாஸ்.

‘நாய் இருக்கிறது’ – அரிமாஸா, இமாஸா?
– முதலாண்டு மாணவி, சேலம்

இமாஸ். நமக்கு நாய் அஃறிணை என்பதால் கை ‘அரிமாஸ்’ பக்கம் போகும். ஜப்பானியத்தில் கோடு திணையில் இல்லை, தானாக அசையும் உயிரில் இருக்கிறது. நாய், மீன், எறும்பு எல்லாம் இமாஸ், மரம் அரிமாஸ்.

‘இல்’ உருபுக்கு எப்போது ‘நி’, எப்போது ‘தெ’?
– மாணவர், திருநெல்வேலி

இருப்புக்கு நி, செயலுக்கு தெ. வசிப்பது (சுமு) நி. வேலை செய்வது (ஹதரகு) தெ, ஆனால் பணியில் இருப்பது (சுதொமெரு) நி. நிகழ்ச்சி நடப்பதற்கு அரிமாஸ் வந்தாலும் தெ: ‘மூன்றாம் மாடியில் விருந்து இருக்கிறது’ என்றால் தெ.

பேராசிரியரிடம் ‘காபி குடிக்க விரும்புகிறீர்களா?’ என்று ‘நொமிதை தெஸ் கா’ போட்டால் மரியாதைதானே, தெஸ் இருக்கிறதே?
– மாணவர், வேலூர்

வடிவம் சரி, கேள்வி தவறு. பெரியவரின் விருப்பத்தை நேராகத் துருவக் கூடாது. ‘கோஹீ வா இககா தெஸ் கா’ என்று பொருளை முன்வைத்துக் கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் ‘கொகுரோசமா’ (உழைப்புக்கு நன்றி) சொல்வதும் இதே வகைப் பிழை. அது மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் சொல்வது. ‘அரிகதோ கொசைமாஷ்தா’ போதும்.

தொடக்கத்தில் தமிழெழுத்தில் எழுதிப் படிக்க விடலாமா?
– பகுதிநேர ஆசிரியர், ஓசூர்

வேண்டாம். சொல்லின் நடுவில் வரும் ஒற்றைத் தகரத்தைத் தமிழ் நாக்கு மென்மையாக்கும், இரட்டித்தால் வன்மையாகும். ஜப்பானியத்தில் வன்மையான ஒற்றை, மென்மையான ஒற்றை, வன்மையான இரட்டை மூன்றும் தனித்தனி. தமிழெழுத்தில் படித்தவர் ‘வந்து’ என்ற பொருளுள்ள ‘கிதெ’யின் தகரத்தை மென்மையாக்குவார், இல்லையென்றால் ‘கித்தெ’ என்று இரட்டித்து அஞ்சல்தலையாக்கிவிடுவார். 46 ஹிரகானா எழுத்துகளை முதலில் முடித்துவிடுங்கள். பிறகு இத்தகைய இணைச் சொற்களை நாளைக்குப் பத்து வீதம் கைதட்டிச் சொல்லவையுங்கள்: இரட்டிப்புக்கும் நெடிலுக்கும் கூடுதலாக ஒரு தட்டு.