கட்டுரையில் குறை எங்கே? பெயர் சொல்லித் திருத்துங்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. தமிழ்க் கட்டுரை மூன்று பக்கம் எழுதுகிறாள், எழுத்துப்பிழையும் குறைவுதான். ஆனாலும் விடைத்தாளில் ‘இன்னும் நன்றாக எழுதவும்’ என்று மட்டும் இருக்கிறது. எதைத் திருத்துவது? – மதுரை வாசகி

பதில்: ‘நன்றாக எழுது’ என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் வழி தெரியாது. குறைக்கு ஒரு பெயர் இருந்தால்தான் தேடிப் பிடிக்க முடியும். பெயர்கள் நம்மிடமே இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில் (முன்னுரையில்) நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10, அழகுகள் 10 என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அவற்றில் மூன்று குற்றங்களை மட்டும் உங்கள் மகள் இப்போது பார்த்தால் போதும்.

முதலாவது, கூறியது கூறல். ‘நீர் இன்றியமையாதது. நீரின்றி எவ்வுயிரும் வாழாது. ஆகவே நீர் மிகவும் தேவையானது.’ வாக்கியம் மூன்று, கருத்து ஒன்றுதான். பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் வருவது இது. இரண்டை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இப்படி எழுதட்டும்: ‘100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. குழாய் வைத்துக் கிணற்றுக்கு இறக்காத வீட்டில் அது தெருச் சாக்கடைக்குப் போகிறது.’ திருத்துபவரின் கண் இங்கே நிற்கும். ‘விளங்கு உதாரணத்தது ஆகுதல்’ என்று நன்னூல் அழகுகளில் ஒன்றாகச் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, மற்றொன்று விரித்தல். நீரைப் பற்றிய கட்டுரையில் ‘நீரின்று அமையாது உலகெனின்’ என்று தொடங்கி, அரைப் பக்கம் வள்ளுவரின் பெருமை பேசுவது. பெருமை உண்மைதான், ஆனால் கேட்டது அதுவல்லவே.

மூன்றாவது, சென்று தேய்ந்து இறுதல். மதிப்பெண்ணை அதிகம் தின்பது இதுதான். முன்னுரை 12 வரி, கடைசி உட்தலைப்பு 2 வரி. நேரத்தைப் பிரிக்காததே காரணம். கட்டுரைக்கு 25 நிமிடம் என்றால், முதல் 4 நிமிடத்தில் ஒவ்வோர் உட்தலைப்புக்கும் என்ன சொல்லப் போகிறோம் என்று ஒரு வரி குறித்துக்கொள்ள வேண்டும். 17 நிமிடம் எழுத, மீதி 4 நிமிடம் படித்துப் பார்க்க. முன்னுரையை 5 வரியில் நிறுத்தப் பழக்குங்கள்.

வீட்டில் பயிற்சிக்குப் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து மூன்று முறை படிக்கச் சொல்லுங்கள், ஒரு தடவைக்கு ஒரு குற்றம் மட்டும்; கண்ட இடத்தில் கோடு போடட்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தேடினால் கண் எழுத்துப்பிழையோடு நின்றுவிடும். பிறகு, அதிகம் கோடு விழுந்த ஒரே ஒரு பத்தியைத் திருப்பி எழுதட்டும். முழுக் கட்டுரையையும் திருப்பி எழுத வைத்தால் அது தண்டனையாகிவிடும்; பிள்ளை பார்த்து எழுதுவாளே தவிர, யோசித்து எழுத மாட்டாள்.

கேள்வி: நீளமாக எழுதினால் என் வாக்கியம் குழம்பிவிடுகிறது. என்ன செய்வது? – ப்ளஸ் ஒன் மாணவர், தஞ்சாவூர்

பதில்: ‘மரங்கள் வெட்டப்படுவதால் மழை குறைந்து, கிணறுகள் வற்றி, விவசாயிகள் துன்பப்படுகிறது.’ இப்படித்தானே வருகிறது? தமிழில் பயனிலை கடைசியில் நிற்பதால், அங்கே போய்ச் சேர்வதற்குள் எழுவாய் மறந்துபோகிறது. எழுதி முடித்ததும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் விரலை வைத்து ‘யார்? எது?’ என்று கேளுங்கள். துன்பப்படுவது யார்? விவசாயிகள். அப்படியானால் ‘துன்பப்படுகிறார்கள்’. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதும் இதேபோல ஒருமையும் பன்மையும் ஒட்டாத பிழைதான். ‘ஒவ்வொரு மாணவரும்’ என்பதே சரி. ‘குறைந்து’, ‘வற்றி’ போல முடியாமல் நிற்கும் வினைகள், அதாவது எச்சங்கள், இரண்டுக்கு மேல் வந்தால் முற்றுப்புள்ளி வைத்துப் புது வாக்கியம் தொடங்குங்கள்.

கேள்வி: ஒரு கட்டுரையில் எத்தனை மேற்கோள் வேண்டும்? – சேலம் வாசகர்

பதில்: ஒன்றோ இரண்டோ போதும், சீர் பிசகாமல் எழுத வந்தால் மட்டும். அரைகுறையாக நினைவிருக்கும் குறளைச் சொந்த வார்த்தையில் பொருளாக எழுதிவிடுங்கள்.