பாலஸ்தீன மண்ணின் உண்மையான பூர்வகுடிகள் யார், யூதர்களா அரேபியர்களா?

"அரேபியர்கள் 7-ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்தவர்கள்தானே, அப்படியென்றால் யூதர்கள்தானே மண்ணின் மைந்தர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல ஞாயிறு ஆராதனையில் இதைக் கேட்டு வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள். 2007-இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஹைஃபா போகும்வரை எனக்கும் இதில் சந்தேகமே இருந்ததில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவரும்தான். நான் வரலாறு படித்தவள் இல்லை, நர்சிங் படித்தவள். ஆனால் ஐந்து வருடம் அங்கே ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்தேன், அந்த அளவுக்குத்தான் பேசுகிறேன்.

நான் பார்த்துக்கொண்ட பாட்டிக்கு அப்போது 81 வயது. வீட்டில் எல்லோரும் சஃப்தா என்பார்கள், எபிரேயத்தில் பாட்டி என்று அர்த்தம், நானும் அப்படியே கூப்பிட்டேன். பிறந்து வளர்ந்தது பாக்தாதில். கோபம் வந்தால் திட்டுவது அரபியில், தூக்கத்தில் பேசுவதும் அரபியில்தான். எதைச் சாப்பிட்டாலும் பக்கத்தில் அம்பா வேண்டும். அம்பா என்பது மஞ்சள் போட்ட மாங்காய் ஊறுகாய், பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக ஈராக்குக்குப் போனது என்பார்கள். 1950-இல் ஈராக்கில் ஒரு சட்டம் வந்தது, யூதர்கள் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு நாட்டைவிட்டுப் போகலாம் என்று. மறுவருடம் மார்ச்சில் அப்படிப் பதிவு செய்தவர்களின் சொத்தையும் முடக்கினார்கள். கிட்டத்தட்ட 1,20,000 பேர் விமானத்தில் வந்து இறங்கினார்கள். சஃப்தாவின் குடும்பம் இரண்டு மழைக்காலத்தைக் கூடாரத்தில் கழித்தது. யூதர்கள் எல்லோரும் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள், வந்த இடத்துக்கே திரும்பிப் போகட்டும் என்று எழுதுபவர்கள், இந்தப் பாட்டி எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

காய்கறி வாங்க வாடி நிஸ்னாஸ் போவோம், ஹைஃபாவில் அரேபியர்கள் வாழும் பகுதி. சஃப்தாவுக்கு அரபியில் பேசி விலை குறைக்க வேண்டும். கடைக்காரர் கழுத்தில் சிலுவை. அரேபியர் என்றால் முஸ்லிம் என்றே அதுவரை நினைத்திருந்தேன், அவர் கிரேக்கக் கத்தோலிக்கர். சொந்த ஊர் இக்ரித், லெபனான் எல்லைக்குப் பக்கம். இஸ்ரேல் உருவான 1948-இல், நவம்பரில் இஸ்ரேல் ராணுவம் வந்து இரண்டு வாரத்தில் திரும்பி வரலாம் என்று சொல்லி ஊரையே லாரியில் ஏற்றி ராமே என்ற கிராமத்தில் இறக்கிவிட்டது. இவருக்கு அப்போது 6 வயது. 1951 ஜூலையில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் ராணுவம் ஊரிலிருந்த வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் நிற்கிறது. இன்றும் இறந்தவர்களை அங்கே கொண்டுபோய் அடக்கம் செய்ய முடியும். குடியேற முடியாது.

2008-இல் நாட்டின் அறுபதாம் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்த சமயம், சஃப்தாவின் மகனும் கடைக்கு வந்திருந்தார். பேச்சு எங்கோ போய், நீங்கள் சொன்ன அதே வாக்கியத்தை அவர் சொன்னார், நீங்கள் 7-ஆம் நூற்றாண்டில் கலீபா உமரோடு பாலைவனத்திலிருந்து வந்தவர்கள் என்று. கடைக்காரர் கத்தவில்லை. "உமருக்கு எருசலேமை ஒப்படைத்தது அந்த நகரத்துக் கிறிஸ்தவர்களின் தலைவர், சொப்ரோனியூஸ் பாத்திரியார்க்கர். அவருடைய சபையில் இருந்த ஜனங்கள் எங்கே போனார்கள்? மொழி மாறியது, சிலருக்கு மதமும் மாறியது, நாங்கள் இங்கேதான் இருந்தோம்" என்றார். மகன் பதில் சொல்வதற்குள் சஃப்தா அவரை அடக்கினார். வீட்டுக்கு வந்தபின் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நாம் ஈராக்குக்குப் போனது அரேபியர்கள் அங்கே வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். யார் முதலில் வந்தது என்ற கணக்கு நம்மைக் காப்பாற்றியதா என்று கேட்டேன்" என்றார். கேட்டதிலிருந்து இந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

  

சரி, ஆதாரத்துக்கு வருகிறேன். யூதர்களின் வேர் கட்டுக்கதை என்றால் எகிப்தில் கிடைத்த, மெர்னெப்தா என்ற எகிப்திய மன்னரின் கல்வெட்டில், கி.மு. 13-ஆம் நூற்றாண்டில், இஸ்ரேல் என்ற பெயர் எப்படி வந்தது? 1993-இல் வடக்கு இஸ்ரேலில் தேல் தான் என்ற இடத்தில் கிடைத்த கல்லில் 'தாவீதின் வீடு' என்று இருக்கிறதே? அரேபியர்கள் நேற்று வந்தவர்கள் என்றால், 1838-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வேதாகம ஊர்களைத் தேடிப் போனபோது அவருக்கு வழிகாட்டியது அரபு விவசாயிகளின் வாயில் இருந்த பெயர்கள்தான். எரேமியாவின் ஆனதோத் அவர்கள் வாயில் அனாத்தா, பெத்தேல் பெய்தீன், சீலோ செய்லூன். தலைமுறை தலைமுறையாக ஒரு ஊரில் இருப்பவர்கள்தானே இப்படிப் பெயரைக் காப்பாற்ற முடியும்?

எனக்குச் சம்பளமாக வந்த 100 ஷெக்கல் நோட்டில் அப்போது இரண்டாவது அதிபர் பென் ஸ்வியின் படம் இருந்தது, பின்பக்கம் கலிலேயாவில் பெக்கியின் கிராமத்து ஜெப ஆலயம். அந்தக் கிராமத்து யூதர்கள் பல நூற்றாண்டுகளாக அரபு பேசும் அண்டை வீட்டாரோடு வாழ்ந்தவர்கள். இதே பென் ஸ்வியும், பின்னால் முதல் பிரதமரான பென் குரியனும் 1918-இல் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிய புத்தகத்தில், அங்கிருந்த அரபு விவசாயிகள் பெரும்பாலும் பழைய யூத விவசாயிகளின் வழிவந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது சஃப்தாவின் பேத்தி, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்படியானால் 1948-இல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தது சரியா என்று கேட்பீர்கள். இல்லை, தவறுதான். 1922 கணக்கெடுப்பில் அங்கிருந்த ஏழரை லட்சம் பேரில் யூதர்கள் 84,000 அளவில்தான். மற்றவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவுகளுக்கு வேதாகமத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே போல 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேலியர்களை வீடு புகுந்து கொன்றதை மண்ணின் மைந்தர்களின் உரிமை என்று யாராவது எழுதினாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதற்கப்புறம் காசாவில் குழந்தைகள் செத்ததை எந்தப் பழைய கல்வெட்டு நியாயப்படுத்தும் என்றும் கேட்பேன்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் சபையில் ஒரு விண்ணப்பம் வைத்தேன். இஸ்ரேலின் சமாதானத்துக்காக வாராவாரம் ஜெபிக்கிறோம், இக்ரித் கிறிஸ்தவர்களுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமே என்று. அங்கே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா என்று போதகர் ஆச்சரியமாகக் கேட்டார். இயேசு பிறந்த பெத்லகேமே அரேபியர்களின் ஊர்தான் ஐயா என்றேன். பார்க்கலாம் என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த வரி இன்னும் வரவில்லை.