அலை எத்தனை மணிக்கு வந்தது?

செயற்கைக்கோள் தகவல்தொடர்பும், கம்பியில்லா அலைகளைக் கொண்டு இடம் அறிவதும் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்தி, ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற பேராசிரியை, இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கல்லூரி ஆசிரியை, ஈரோடு: நீங்கள் முனைவர் பட்டம் வாங்கியது செயற்கைக்கோள் தகவல்தொடர்பில். பிற்பாடு செய்ததெல்லாம் ஜி.பி.எஸ். ஆராய்ச்சி. ஏன் துறை மாறினீர்கள்?

மாறியதாகவே நான் நினைக்கவில்லை. மழை கொட்டும்போது வீட்டு டி.டி.எச். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகிறது அல்லவா, அதுதான் என் முதல் ஆய்வு. பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். 36,000 கிலோமீட்டர் கடந்து வந்த சிக்னல், கடைசிச் சில கிலோமீட்டரில் கரைந்துவிடும். குளிர்நாட்டு மழையை வைத்து எழுதிய கணக்குகள் நம் ஐப்பசி மழைக்குப் பொருந்தவில்லை. மொட்டை மாடியில் ஒரு டிஷ், பக்கத்தில் ஒரு மழைமானி. அடைமழைக் காலத்தில் பல இரவுகள் அங்கேதான் கழிந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் அதே மாடியில் ஒரு ஜி.பி.எஸ். ஆன்டெனாவைச் சிமெண்ட் போட்டு நிறுத்தினோம். அது அசையவே அசையாது. ஆனால் திரையில் அதன் புள்ளி மட்டும் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்த காலம் அது. நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000 மே 2, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை மணி வாக்கில் அந்தப் புள்ளி சட்டென்று அடங்கிவிட்டது. ரிசீவர் கெட்டுப்போனது என்று பயந்து கேபிளைக் கழற்றி மாட்டினேன். அப்போது வாஷிங்டனில் நள்ளிரவு. அந்தக் கலப்படத்தை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் பேப்பர் பார்த்துத்தான்.

சரி, இனி எல்லாம் துல்லியம் என்று இருந்தேன். புரட்டாசியில் ஒரு நாள், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் புள்ளி மறுபடி ஆடியது. இந்த முறை காரணம் நம் தலைக்கு மேலே, வெயில் காற்றின் அணுக்களை மின்னேற்றி வைத்திருக்கும் அயனி மண்டலம். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டதற்கே அதுதான் காரணம். சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டுக்கு மேலே அயனிகள் குறைந்த பெரிய குமிழிகள் எழும்பும். அவற்றின் வழியே வரும் சிக்னல், நட்சத்திரம் மின்னுவது போல் மின்னும். அதே மாடி, அதே மங்கும் அலை. முன்பு அந்த அலை கொண்டுவந்த செய்தியைப் பார்த்தேன். அதன் பிறகு, அது வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்கிறேன்.

கார் ஓட்டுநர், சேலம்: மேப் போட்டதும் நான் இருக்கும் இடம் செயற்கைக்கோளுக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. உங்கள் போன் ரேடியோ பெட்டி மாதிரி கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். உங்கள் இடம் வெளியே போகிறதென்றால் அது இணையம் வழியாக, ஆப் மூலம் போவது. செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

பிளஸ் டூ மாணவி, மன்னார்குடி: மூன்று தூரம் தெரிந்தால் இடம் தெரியும் என்று டீச்சர் சொன்னார். ஜி.பி.எஸ்.ஸுக்கு மட்டும் நான்கு செயற்கைக்கோள் எதற்கு?

டீச்சர் சொன்னது சரிதான் கண்ணு. ஆனால் இங்கே தூரத்தை அளப்பது நேரத்தை வைத்து. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் வர ஏறக்குறைய 0.07 வினாடி ஆகும். அதில் ஒரு மைக்ரோவினாடி தப்பினால் 300 மீட்டர் தப்பும். மேலே இருப்பது அணுக் கடிகாரம், உன் கையில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ். ஆகவே போன் கடிகாரத்தின் பிழையும் தெரியாத ஒன்று. இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களோடு அதையும் சேர்த்தால் நான்கு, அதனால் நான்கு சமன்பாடு. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்: ஐன்ஸ்டீன் விதிப்படி மேலே உள்ள கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் எத்தனை கிலோமீட்டர் தப்பும்?

மீனவர், குளச்சல்: ஒக்கி புயலில் என் தம்பி போன படகு திரும்பவில்லை. படகில் ஜி.பி.எஸ். இருந்தது. அது ஏன் உதவவில்லை?

ஐயா, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. ஜி.பி.எஸ். உங்கள் தம்பிக்கு அவர் இருந்த இடத்தைச் சொல்லியிருக்கும். கரைக்கு அதைச் சொல்ல அதனால் முடியாது. புயல் வருகிறது என்று அவருக்குச் சொல்லவும் முடியாது. செல்போன் கோபுரம் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது படகுகள் அதற்கும் அப்பால் இருந்தன.

2019இல் ஜெமினி என்ற பெட்டி வந்தது. ககன் என்ற, ஜி.பி.எஸ்.ஸைத் திருத்தித் தரும் நம் நாட்டு அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி போனுக்குக் கொடுக்கும். ஆனால் அது ஒருவழி. படகிலிருந்து கரைக்கும் பேசுகிற டிரான்ஸ்பாண்டர்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. இடமறிதலும் தகவல்தொடர்பும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். விசைப்படகுகளோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு வள்ளத்துக்கும் அதை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். என் துறையில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

ஆய்வு மாணவர், மதுரை: எங்கள் மாடியில் உள்ள ரிசீவரில் ராத்திரி நேர அளவீடுகள் எகிறிக் குதிக்கின்றன. 'கைடு' அவற்றை வெட்டி எறியச் சொல்கிறார். வெட்டிவிடட்டுமா?

வேண்டாம், பொறுங்கள். அடுத்தடுத்த நாலு இரவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அமைப்பு ஒவ்வொரு நாளும் சுமார் நாலு நிமிடம் முன்னதாகத் திரும்ப வரும். குதிப்பும் அதேபோல் நாலு நிமிடம் முன்னதாக வந்தால், ஏதோ சுவரோ தொட்டியோ சிக்னலை எதிரொலிக்கிறது என்று அர்த்தம். அப்படி வராமல், இருட்டிய பிறகு இஷ்டத்துக்கு வந்தால் அது அயனி மண்டலம். அப்புறம் உங்கள் ஆய்வேடே அதுதான். 'கைடு'க்கு இந்தப் படத்தைக் காட்டுங்கள், கேட்பார். எங்கள் மாடியில் முதல் ஆறு மாதம் குற்றவாளி தண்ணீர்த் தொட்டிதான். ஆன்டெனாவைத் தொட்டியை விட உயரத்தில் ஏற்றி வைத்தோம், சரியாகிவிட்டது.