பையன் பயப்படட்டும், பாட்டியைக் கவனியுங்கள்

மனிதனைப் போன்ற பொம்மையைக் கண்டால் பையன் பயப்படுகிறான், இது நோயா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எட்டு வயதுப் பையனுக்கு ஒன்றும் இல்லை. நேரு வீதி ஜவுளிக்கடை பொம்மையைக் கண்டு உங்கள் முந்தானைக்குள் ஒளிந்ததும், செல்போனில் நிஜ ஆள் போலவே வரும் அனிமேஷன் முகத்தைப் பார்த்து அலறியதும் நோயல்ல. சோட்டா பீமைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பீம் கோட்டுச் சித்திரம், மனிதன் என்று யாரையும் ஏமாற்றப் பார்ப்பதில்லை.

உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்கப் பிடித்துப்போகும், ரொம்ப நெருங்கி எங்கோ நூலிழை தப்பினால் சட்டென்று அருவருப்பாகிவிடும் என்று ஜப்பானிய ரோபோ பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். 2004-ல் வந்த 'தி போலார் எக்ஸ்பிரஸ்' அனிமேஷன் படத்துப் பாத்திரங்களின் கண்களில் உயிரே இல்லை என்று விமர்சகர்களே நெளிந்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில் குரங்குகளும் அச்சு அசலான கணினிக் குரங்கு முகத்தைத் தவிர்த்து, நிஜ முகத்தையும் அரைகுறைப் படத்தையும்தான் அதிகம் பார்த்தன. இந்த அருவருப்பு, நோயாளியையும் பிணத்தையும் விட்டு விலகவைக்கும் பழைய எச்சரிக்கையாக இருக்கலாம், மனிதனா பொருளா என்று மூளை தடுமாறுவதாகவும் இருக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை.

மனிதனைப் போல வேஷமிட்டு நம் முன்னோரை வேட்டையாடிய ஏதோ ஒன்று இருந்தது என்று இணையத்தில் படித்தீர்களாம். ஆதாரம் எதுவும் கிடையாது. நம்மைப் போலவே இருந்து அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால்களோடு நம் முன்னோர் பிள்ளையே பெற்றிருக்கிறார்கள். நம் மரபணுவில் சுமார் 1 முதல் 2 சதவீதம் அவர்களுடையது. நள்ளிரவில் இதையெல்லாம் படிக்காதீர்கள்.

இப்போது கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "மாமியாரும் என் கணவரைப் பார்த்து, 'இவன் என் பிள்ளை இல்லை, அவனை மாதிரியே எவனோ வந்திருக்கான்' என்கிறார். பரம்பரையோ?" இல்லை. பையனை உறுத்துவது மனிதனைப் போன்ற பொம்மை. பாட்டிக்குப் பெற்ற மகனே போலியாகத் தெரிகிறார். 1923-ல் பிரெஞ்சு மனநல மருத்துவர் கப்கிரா விவரித்த கோளாறு இது. முகம் அடையாளம் தெரியும், அதைப் பார்த்தால் வர வேண்டிய பாசம் மட்டும் வராது. அதனால் ஆளையே போலி என்று மனம் முடிவு கட்டிவிடும்.

எப்போது தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. சில நாட்களாகத்தான் என்றால் இன்றே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம் எதுவும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். மாதக்கணக்கில் மறதி, தளர்ந்த நடை, இல்லாத ஆட்கள் தெரிவது என்று சேர்ந்து வந்தால் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ராத்திரி தூங்குவதற்குக் கொடுக்கிறீர்களே அந்த அலர்ஜி மாத்திரை, அதை உடனே நிறுத்துங்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டிவிடலாம். மனநல மாத்திரை எதையும் நீங்களாக வாங்கித் தர வேண்டாம், சிலவகை மறதி நோயில் அவை ஆபத்தாகவே முடியும். உங்கள் கணவர் "நான்தான்மா" என்று வாதாட வேண்டாம், பாட்டிக்குக் கோபம் ஏறி அடிக்கவும் வரலாம். பாட்டி சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பையன் பள்ளிக்கூடம் போகட்டும்.