நியூட்ரான் வினைக் குறுக்குவெட்டை எப்படி அளக்கிறார்கள்? கோட்பாடு சரியா என்று எப்படித் தெரியும்?

வியாசர்பாடியில் என்னிடம் படிக்கும் பிளஸ் டூ மாணவியும் இதே கேள்வியைத்தான் கேட்டாள்.

நம்ம தெருமுனை கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய் பெரிதாக இருந்தால் ஸ்ட்ரைக்கர் படும் வாய்ப்பு அதிகம். அந்த வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்வதே குறுக்குவெட்டு. அலகு பார்ன், அதாவது 10⁻²⁴ சதுர செ.மீ. தங்க அணுக்கருவின் உண்மைப் பரப்பு 2 பார்னுக்கும் குறைவு. ஆனால் மெதுவாக வரும் வெப்ப நியூட்ரானை விழுங்கும்போது அதன் குறுக்குவெட்டு சுமார் 99 பார்ன்! நியூட்ரானின் அலைத்தன்மையும் ஒத்ததிர்வும் (நியூட்ரானின் ஆற்றல் அணுக்கருவின் ஓர் ஆற்றல் நிலையோடு ஏறக்குறைய பொருந்துவது) தான் காரணம். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சரி, அளப்பது எப்படி? மெல்லிய தங்கத் தகட்டை நியூட்ரான் கற்றையில் வைப்பார்கள். தங்கம்-197 நியூட்ரானை விழுங்கி, 2.7 நாள் அரை ஆயுளுள்ள தங்கம்-198 ஆகிறது. அது வெளியிடும் 412 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்களை ஜெர்மேனியம் உணர்கருவியில் எண்ணி, எத்தனை அணுக்கள் மாறின என்று கணக்கிடலாம். குறுக்குவெட்டைக் கண்டுபிடிக்க எத்தனை நியூட்ரான் பாய்ந்தது என்றும் தெரிய வேண்டும்; அதுதான் பெரிய தலைவலி. அதனால், புதிய பொருளை அளக்கும்போது, நன்கு தெரிந்த தங்கத் தகட்டையும் கூடவே வைத்து ஒப்பிடுவார்கள்.

அப்புறம் கோட்பாடு. நியூட்ரானை விழுங்கிய அணுக்கரு எந்தெந்த வழியில் சிதையும் என்ற சராசரி வாய்ப்பைச் சொல்லும் புள்ளியியல் மாதிரியை 1952இல் ஹவுசர், ஃபெஷ்பாக் என்ற இயற்பியலாளர்கள் தந்தார்கள். அதை வைத்து டாலிஸ் (TALYS) போன்ற கணினி நிரல்கள் ஒவ்வொரு ஆற்றலுக்கும் குறுக்குவெட்டைக் கணக்கிட்டு ஒரு வளைகோடாகத் தருகின்றன. வெவ்வேறு ஆற்றலில் அளந்த புள்ளிகள், பிழை வரம்புக்குள், அந்த வளைகோட்டோடு பொருந்த வேண்டும். விலகினால் முதலில் அளவீட்டைச் சரிபார்த்து, பிறகு நிலை அடர்த்தி (அணுக்கருவின் ஆற்றல் நிலைகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பது) போன்ற உள்ளீடுகளைத் திருத்துவார்கள்.