குளோரின் ஒன்றுதான், குணம் ஏன் வேறு?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடும் ப்ளீச்சிங் பவுடரிலிருந்து வரும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பலவீனமானது, அதே குளோரின் உள்ள பெர்குளோரிக் அமிலம் மட்டும் படுபயங்கரம். ஏன்? (பிளஸ் டூ மாணவி)

பதில்: ஹைட்ரஜன் (அயனியாக) எவ்வளவு சுலபமாகக் கழலுகிறதோ, அமிலம் அவ்வளவு வலிமை. இரண்டிலும் கழலுகிற ஹைட்ரஜன் ஒன்றுதான், அதுவும் ஆக்சிஜனில்தான் ஒட்டியிருக்கிறது. ஆனால் பெர்குளோரிக்கில் ஹைட்ரஜன் இல்லாத வெறும் ஆக்சிஜன் இன்னும் 3 உண்டு. அவை எலெக்ட்ரான்களைத் தங்கள் பக்கம் இழுக்க, ஹைட்ரஜன் சுலபமாகக் கழன்றுவிடும், அது போனபின் மிஞ்சும் எதிர்மின்சுமையை 4 ஆக்சிஜனும் பங்கு போட்டுக்கொள்ளும். ஹைப்போகுளோரஸில் சுமை ஏறக்குறைய முழுக்க ஒரே ஆக்சிஜன் தலையில். வெறும் ஆக்சிஜன் ஒன்று கூடினால் பிகேஏ (அமில வலிமையைக் காட்டும் எண், குறையக் குறைய வலிமை கூடும்) சுமார் 5 குறையும் என்பது வேதியியலாளர் பாலிங் சொன்ன கணக்கு. அப்புறம், ஃபார்முலாவில் ஹைட்ரஜனை எண்ணி ஏமாறாதீர்கள்: பாஸ்பரஸ் அமிலத்தில் (H₃PO₃) 3 இருந்தும், ஒன்று பாஸ்பரஸோடு நேரடியாக ஒட்டியிருப்பதால் 2தான் கழலும். தேர்வில் கேட்பார்கள்!